வாளியில் போன அசனம்

எங்கள் சபையில் அசனம் என்றால் தெருமுனை வரை கறிக்குழம்பு மணக்கும். பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்தச் சாப்பாட்டின் அர்த்தமே. சில ஆண்டுகளுக்கு முன் ஆலயத்தைப் புதுப்பித்துப் பிரதிஷ்டை செய்த அன்றும் அசனம் வைத்தோம். ஆலயத்துக்குத் தரை போட்டவர்கள் மட்டும் பந்தியில் இல்லை. காம்பவுண்டுக்குள்தான் இருந்தார்கள், பின்பக்கத் தகரக் கொட்டகையில். சாயங்காலம் நாலு மணிக்கு, மிஞ்சிய சோற்றை வாளியில் கொடுத்தனுப்பினோம். வடமாநிலத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் அசனம் வழங்கப்பட்டதாகக் கமிட்டி அறிக்கையிலும் எழுதிக்கொண்டோம்.

ஒன்பது பேர்; எட்டு மாதம். எங்களுக்கு அவர்கள் ‘இந்திக்காரப் பையன்கள்’. கூப்பிட ஒன்பது பேருக்கும் ‘பையா’ என்று ஒரே பெயர். அவர்கள் தங்களுக்குள் பேசியது இந்தியே அல்ல என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. சபை மண்டபத்துக் கழிப்பறையைச் சுத்தம் கெடும் என்று சொல்லிப் பூட்டி வைத்தோம். இரவில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு எதையோ பாடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டதும் ஆள் விட்டுச் சத்தம் போடாதே என்று சொன்னோம். மறுநாளிலிருந்து பாட்டு நின்றுபோனது.

கணக்கு முடிக்கிற அன்று மேஸ்திரிதான் சொன்னார்: “அண்ணாச்சி, பையங்க கந்தமால்காரங்க. வேதக்காரங்கதான். ராத்திரி ஜெபம்லா பண்ணிக்கிட்டிருந்தாங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

கந்தமால் எங்களுக்குப் புதுப் பெயரல்ல. 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் அந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகளையும் ஆலயங்களையும் எரித்து, ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டுக்கும் முகாமுக்கும் விரட்டினார்கள். அப்போது நாங்கள் உபவாச ஜெபம் வைத்தோம், தனிக் காணிக்கை எடுத்தோம். சபைப் போதகரான ஐயர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஜெபிக்கப் பெண்கள் அழுதார்கள். அதே ஊர்க்காரர்கள் எங்கள் சுவருக்குள் வந்து படுத்தபோது அவர்கள் ஜெபத்தை நிறுத்தியதும் நாங்கள்தான்.

வடக்கே ஊழியர்களை அனுப்பியதைப் பற்றி எங்களுக்குப் பெருமை நிறைய உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதையும், அதில் முன்னின்ற அசரியாவையும், முதல் பணித்தளமான தோர்ணக்கலையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். ஜார்கண்டின் மால்தோ மக்கள் வரைக்கும் தமிழ் ஊழியர்கள் போயிருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வந்தார்கள். அந்தப் பிடியரிசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைச் சாப்பிடாமல் மிச்சம் பிடித்த வீடுகளில் அரைப்பட்டினியும் இருந்தது. ஆனால் தூரத்தில் இருக்கிறவனைக் காணிக்கைக் கவரிலேயே நேசித்துவிடலாம். அவன் வியர்வை நமக்கு நாறாது, அவன் கழிப்பறைச் சாவி கேட்கமாட்டான். வடக்கு ரயிலேறி நம் வாசலுக்கே வந்தபோது நாங்கள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டோம்.

மொழி தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் சபையிலேயே ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். ஒடியா தண்ணீர்பட்ட பாடு. அந்தக் காலத்தில் வேலைதேடி அங்கே போய் இறங்கியபோது முன்பின் தெரியாத ஒரு சபையார் வீட்டில் வைத்துச் சோறு போட்டதைச் சாட்சியாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்களும் அல்லேலூயா சொல்லியிருக்கிறோம். கொட்டகைப் பக்கம் போய் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் போகவில்லை.

உபசரிப்பைப் பற்றி எபிரெயர் 13ஆம் அதிகாரத்தை வைத்து எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது உண்டு. அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் பிலொக்செனியா. அந்நியன்மேல் வைக்கும் அன்பு. மாமனுக்கும் மச்சானுக்கும் பிரியாணி போடுவது அதில் சேராது. தமிழிலும் அப்படித்தான்: ‘விருந்து’ என்றால் முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்த ஆள், இலையில் விழும் சோறும் கறியும் பின்னால் வந்த பொருள். நாங்கள் ஆளை விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் வெயிலில் வந்த மூன்று பேரைப் பார்த்ததும் ஓடுகிறார். கொஞ்சம் அப்பம் என்று சொல்லிவிட்டு மூன்றுபடி மாவைப் பிசையவும் கன்றை அடிக்கவும் ஏற்பாடு செய்கிறார். எந்த ஜனம், எந்த ஊர் என்ற விசாரணை கிடையாது. அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் பக்கத்தில் நிற்கிறார். எனக்கு உறுத்துவது அந்த நிற்பதுதான். வாளியைக் கொண்டுபோனவன் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். அவனை அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

கந்தமால் பையன்கள் எங்கே போனார்கள் என்று மேஸ்திரிக்கே இப்போது தெரியவில்லை. அடுத்த அசனத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் புதுக் கல்யாண மண்டபம் எழும்புகிறது. அங்கேயும் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பதினொரு பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் இதுவரை நாங்கள் கேட்கவில்லை.