எழுத்தாளருக்கு என்ன வேலை?

இலக்கியப் பத்திரிகை கைக்கு வந்தால் நான் முதலில் படிப்பது கதையை அல்ல. கதைக்கு அடியில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, ஆசிரியர் குறிப்பு, அதைத்தான். எந்த ஊர், என்ன வேலை என்று தெரிந்துகொண்ட பிறகே கதைக்குப் போவேன். முப்பத்தைந்து வருஷம் சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. ஆள் யாரென்று பார்க்காமல் ஃபைலைத் திறக்க வராது.

இப்போது அந்தக் குறிப்புகள் மாறிவிட்டன. ஒரு காலத்தில் ஆசிரியர், தபால் துறை, வங்கி, தொலைபேசி இலாகா என்று இருக்கும். இப்போது நாலில் மூன்று குறிப்பில் 'மென்பொருள் துறையில் பணி' அல்லது வெறுமனே 'தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார்'. கடற்கரையில் என்னோடு காலை நடை வரும் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "இந்தக் கம்ப்யூட்டர் பசங்களுக்கு என்னங்க வாழ்க்கை அனுபவம் இருக்கு? ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு எதை எழுதுவாங்க?" என்றார். காந்தி சிலை வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. பிறகு, "நீங்களும் நானும் ஃபேன் காத்துல உக்காந்திருந்தோமே, நமக்கு என்ன அனுபவம் இருந்துச்சாம்?" என்று கேட்டேன். அன்றைக்கு டீ குடிக்காமலே போய்விட்டார்.

அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பள்ளியில் எங்களுக்குப் பெரிய எழுத்தாளர்கள் என்று காட்டப்பட்டவர்களில் பலர் குமாஸ்தாக்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மோப்பஸான் முதலில் கடற்படை அமைச்சகத்திலும் பிறகு கல்வி அமைச்சகத்திலும் வேலை பார்த்தவர். அவருடைய நெக்லஸ் கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதில் வரும் அப்பாவிக் கணவனும் கல்வி அமைச்சக குமாஸ்தாதான். உய்ஸ்மான்ஸ் உள்துறை அமைச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினார். கூர்த்தெலின் ஒருபடி மேலே போய், அமைச்சக குமாஸ்தாக்களையே கிண்டல் செய்து 1893இல் ஒரு புத்தகம் போட்டார். நாற்காலியில் போட்டுக்கொள்ளும் வட்டமான தோல் மெத்தைக்கு 'ரோன் த குய்ர்' என்று பெயர். அதுவே குமாஸ்தாவுக்கும் பட்டப்பெயர், புத்தகத்தின் தலைப்பிலும் அதுதான். என் நாற்காலியில் இருந்தது தோல் அல்ல, இலவம்பஞ்சு.

தமிழிலும் இதே கதைதான். நம்மூர் பாவேந்தரையே பாருங்கள். 1909இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்து 1946இல் ஓய்வு பெற்றவர். புரட்சிக்கவி முப்பத்தேழு வருஷம் சம்பளம் வாங்கியது பிரெஞ்சு அரசாங்கத்திடம்! சிற்றிதழ்களுக்கு வந்தால், பணம் கொடுக்க முடியாத பத்திரிகைக்கு யார் எழுத முடியும்? வேறு எங்கோ சம்பளம் வாங்குகிறவர்தான். கதை வெளியானால் ஒரு பிரதி தபாலில் வரும், அவ்வளவுதான். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கியில் வேலை பார்த்தார்கள். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி, ஜெயமோகன் தொலைபேசித் துறை. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, தேவதச்சனுக்குக் கோவில்பட்டியில் நகைக்கடை. நாஞ்சில் நாடன் பம்பாய்க் கம்பெனியில் வேலைக்குப் போய், விற்பனைக்காக ஊர் ஊராக அலைந்தவர். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிராமத்தில் பலசரக்குக் கடையில் உட்கார்ந்துகொண்டு எழுதினார். 2007இல் சாகித்ய அகாதமி வாங்கியபோதும் அவர் கடைக்காரர்தான்.

நமக்குப் பக்கத்திலேயே விருத்தாசலத்தில் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. பணிமனை வாழ்க்கையை வைத்தே 'நெடுஞ்சாலை' என்று நாவல் எழுதினார். கிரீஸ் நாற்றம் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் எல்லோரும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தேவதச்சன் கவிதையில் தங்கத்தைத் தேடினால் ஒரு குன்றிமணி கிடைக்காது. வேலை சோறு போடும். சிலருக்குக் கதையும் கொடுக்கும், சிலருக்குக் கொடுக்காது.

பெண்கள் விஷயம் வேறு. பாமா பள்ளி ஆசிரியை, சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே எழுதினார். இப்படிச் சிலரைத்தான் சொல்ல முடிகிறது. சல்மா வீட்டுக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயரில் அனுப்பியவர். 'இல்லத்தரசி' என்று ஒரே சொல்லில் குறிப்பை முடித்துவிடுகிறார்கள். அந்த வேலைக்கு அஞ்சு மணி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கேஷுவல் லீவும் கிடையாது. அதைச் சேர்த்துப் போட்டால் தேவலை.

வேலையே இல்லாமல் எழுதியவரும் நம்மூரிலேயே உண்டு. பிரபஞ்சன் அவ்வப்போது பத்திரிகை ஆபீஸ்களில் இருந்தார், பெரும்பாலும் பேனாவை நம்பியே பிழைத்தார். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியை 'வானம் வசப்படும்' நாவலில் எழுதி 1995இல் சாகித்ய அகாதமி வாங்கினார். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள். லாஸ்பேட்டையில் இருந்த கி.ரா. 2021இல் போனபோதும் அப்படித்தான். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கி.ரா.வுக்கு எண்பதுகளில் நம் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியர் வேலை கொடுத்ததே, அதுதான் உயிரோடு இருக்கும்போது செய்த மரியாதை. பட்டம் படிக்காத கரிசல்காட்டு விவசாயியைப் பேராசிரியர் ஆக்கினார்கள். கதை சேகரிக்க ஆளும் நேரமும் கிடைத்தது. துப்பாக்கிக் குண்டை விட மாதச் சம்பளம் மேல் என்பது என் கட்சி.

என் கதையும் ஒன்று இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஒரு சிறுகதை எழுதினேன். அரியர்ஸ் பில்லுக்காக நடையாய் நடக்கும் ஒரு பியூன் கதை. பள்ளியில் சரியாகப் படிக்காத தமிழை, ரொமேன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து சிற்றிதழ் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டு எழுதியது. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பத்தாம் நாள் மேலதிகாரி மெமோ கொடுத்தார். அனுமதி பெறாமல் பத்திரிகைக்கு எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார். நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். முற்றிலும் இலக்கியமாக இருக்கும் எழுத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்று அப்போது எட்டாம் விதியிலேயே இருந்தது. அதைக் குறிப்பிட்டுப் பதில் கொடுத்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை, ஃபைலை மூடிவிட்டார். ஆனாலும் நான் இரண்டாவது கதை எழுதவில்லை. ரொம்ப நாள் அவர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். விதி என் பக்கம் இருந்தது, வேலையும் போகவில்லை, அஞ்சே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன். எழுதாமல் விட்டது நான்தான்.

நண்பர் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இந்த அஞ்சே முக்கால் இல்லை. அமெரிக்காக்காரன் விழிக்கும் நேரத்துக்கு இவர்கள் விழித்திருக்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் வேலை அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாது. பென்ஷனை 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு ஊழியருக்கே மாற்றிவிட்டார்கள், தனியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து, காசு தராத பத்திரிகைக்குப் பத்துப் பக்கம் எழுதுகிறார்களே, அதைப் பார்க்க வேண்டாமா? அனுபவம் இல்லை என்பதை விட, இருக்கும் அனுபவத்தை எழுதவிடாமல் நேரம் பறிபோகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அதனால்தான் 'தனியார் நிறுவனம்' என்று மூடி எழுதாதீர்கள் என்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என்ன வேலை, பகலா ராத்திரியா என்று போடுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மாதம் ஒரு கதையைக் கொண்டுவந்து காட்டினாள். பாதிதான் இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. "தாத்தா, வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதிடலாமான்னு பாக்கறேன்" என்றாள். வேண்டாம்மா என்றேன். பிரபஞ்சன் பட்டபாட்டைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொண்டாளா தெரியாது. மிச்சக் கதையைக் கேட்டால், இந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.