மென்மை வேறு, பிடிமானம் வேறு

மலைச்சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு பொதுப்பண்பைக் கண்டிருக்கிறேன். சைக்கிளின் எடை, சட்டகத்தின் உலோகம், கியர்களின் எண்ணிக்கை எல்லாம் விரல்நுனியில் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் காற்று ஃபோர்க்கில் எவ்வளவு அழுத்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். "கடையில் வைத்துக் கொடுத்தார்கள், அப்படியே ஓடுகிறது" என்பது வழக்கமான விடை. மேலும் கேட்டால், ஹேண்டில்பாரை இரண்டு முறை அமுக்கிக் காட்டி, "மெத்தென்றுதானே இருக்கிறது" என்பார்கள்.

இந்த 'மெத்தென்று' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. ஃபோர்க் நம் கைகளுக்குச் சுகம் தருவதற்காகவே இருக்கிறது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கைச்சுகம் அதன் இரண்டாவது பயன். முதல் வேலை, சக்கரம் மண்ணை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது. இந்த வரிசையை ஒப்புக்கொண்டால், ஃபோர்க்கை அமைக்கும் முறையே மாறிவிடும் என்பது என் கட்சி.

இக்கருத்துக்கு நான் படித்து வந்தவனல்லன், விழுந்து வந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டங்களின் ஊடாக இறங்கும் கல்பாதை ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃபோர்க் 150 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது. என் எடைக்கு அதன் அட்டவணை சொன்ன அழுத்தம் 78 பிஎஸ்ஐ. தொடர்ந்து கற்கள் வந்த இடங்களில் கை மரத்துப்போயிற்று. 'கடினமாக இருக்கிறது, காற்றைக் குறைப்போம்' என்று முடிவுசெய்து, வால்வின் முள்ளைச் சாவிநுனியால் அழுத்தினேன். பின்னர் அளந்தபோது 60 காட்டியது. சமதளத்தில் வெல்வெட்டில் செல்வதுபோல இருந்தது. அடுத்த செங்குத்தான இறக்கத்தில் ஒரு கல்படிக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தேன். ஃபோர்க் முழுவதுமாக உள்ளே போயிற்று; நான் அதன் மேலாக வெளியே போனேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

சைக்கிளைச் சீர்செய்த இளைஞர் ஃபோர்க்கை ஒரே முறை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் சார், மெத்துமெத்துனு இருக்கட்டும்னு காத்த எறக்கி விட்டீங்களாக்கும்?" எம்.ஏ. வகுப்பில்கூட யாரும் என்னை இவ்வளவு துல்லியமாகத் திருத்தியதில்லை.

நடந்தது என்ன? காற்று குறைந்த ஃபோர்க், நாம் ஏறி நின்றதுமே தன் நீளத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. முன்பகுதி தாழ்கிறது, ஃபோர்க் நிற்கும் கோணம் செங்குத்தாகிறது, உடலின் எடை முன்சக்கரத்துக்கு மேலே நகர்கிறது. பிரேக் பிடிக்கும்போது மிச்சமிருக்கும் சிறிதளவு நீளமும் தீர்ந்துபோகிறது. 150 மில்லிமீட்டருக்கு விலை கொடுத்துவிட்டு ஐம்பதில் பயணம் செய்கிறோம். மென்மை என்று நாம் கருதியது உண்மையில் குறைவு.

மலைச்சைக்கிளின் வரலாற்றிலும் இப்பாடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்ற இறக்கப் போட்டி தொடங்கியபோது, ஓட்டியவை தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் வகைச் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப்பின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். போட்டியின் பெயருக்கு அதுவே காரணம். அதிர்வு தாங்க ஏதும் இல்லை. முழங்கையும் முழங்காலும்தான் வில். 1989இல் பால் டர்னர் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கும் ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அது அமுங்கும் தூரம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியின் இறக்கப் பிரிவில், அந்த ஃபோர்க்குடன் கிரெக் ஹெர்போல்டு வென்றார். சொகுசுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. மேடுபள்ளத்தில் துள்ளாமல் மண்ணைப் பற்றிய சக்கரம் வேகமாக இறங்கியது, அதுவே செய்தி.

காற்றை வில்லாகப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. 1660இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'காற்றின் வில்' என்ற தொடர் இருக்கிறது. அந்த ஆய்வுக்கான பம்பைச் செய்து கொடுத்தவர் ராபர்ட் ஹூக். அதே ஹூக்தான் பின்னாளில் சுருள்வில்லின் விதியைக் கண்டார். 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிராக அச்சிட்டு, 1678இல் விடுவித்தார். சுருள்வில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே அளவு கூடுதல் எதிர்ப்பைத் தரும். அடைபட்ட காற்று அப்படியன்று. பாதி இடத்துக்குச் சுருங்கினால் அழுத்தம் இருமடங்கு. கால்வாசிக்குச் சுருங்கினால் நான்கு மடங்கு. தொடக்கத்தில் இணங்கி, முடிவில் பிடிவாதம் பிடிக்கும் குணம் காற்றுக்கு. ஃபோர்க்கை அமைப்பது இந்தக் குணத்தோடு பேசிப் பழகுவதுதான்.

பேச்சின் முதல் சொல் தொய்வு. கடைக்காரர்கள் 'சாக்' என்பார்கள். நாம் ஏறி நின்றதும் ஃபோர்க் தானாக எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது. பொதுவான மலைப்பாதைக்கு மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நல்ல தொடக்கம். 150 மில்லிமீட்டருக்கு 30. ஏன் தொய்வு தேவை? சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்க இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் கீழே நீண்டு மண்ணைத் தேடவும் இடம் வேண்டும். அந்த 30 மில்லிமீட்டர் பள்ளங்களுக்கான சேமிப்பு. மண்ணைப் பிரியாமலிருத்தல் என்ற கொள்கை அளவாக மாறுவது இங்கேதான்.

அளக்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. முதலில் டயரின் காற்றைச் சரிசெய்ய வேண்டும். டயரும் ஒரு காற்றுவில்தான். ஃபோர்க்கின் மற்றத் திருகுகளைத் திறந்துவைத்துவிட்டு, தலைக்கவசம், தண்ணீர்ப் பை என்று ஓட்டும் கோலத்திலேயே ஏறி, பெடல்களின் மேல் நின்று, முழங்கையை மடக்கி, இறங்கும்போது நிற்பதுபோல நிற்க வேண்டும். நண்பர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஃபோர்க்கின் மேற்குழாயிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட வேண்டும். அசைக்காமல் இறங்கினால், வளையம் நகர்ந்த தூரமே தொய்வு. இருக்கையில் உட்கார்ந்து அளந்தால் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். கிடைக்கும் எண் பொய்யானது.

காற்றடிப்பதிலும் இரண்டு மயக்கங்கள் உண்டு. பெட்ரோல் பங்க் காற்று இதற்கு ஆகாது. குறைந்த காற்றை மிகுந்த அழுத்தத்தில் தரும் ஷாக் பம்ப் தனியே வேண்டும். அதைக் கழற்றும்போது 'உஸ்' என்று வருவது பெரும்பாலும் பம்பின் குழாயிலிருந்த காற்று, ஃபோர்க்கின் காற்றன்று. மறுபடி மாட்டினால் எண் குறைந்திருக்கும். ஃபோர்க்கின் காற்று இப்போது குழாயையும் நிரப்புவதால் வருவது அது. கசிகிறது என்று அஞ்சிக் கடைக்கு ஓடியவர்களை அறிவேன். அடுத்தது, இன்றைய ஃபோர்க்குகளில் மேலே தள்ளும் காற்றறைக்கு எதிராகக் கீழே இழுக்கும் சிறிய அறை ஒன்றும் இருக்கிறது. முதல் அசைவு விறைப்பின்றித் தொடங்க அதுவே உதவுகிறது. ஒவ்வொரு பத்திருபது பிஎஸ்ஐக்கும் நிறுத்தி, ஃபோர்க்கைச் சில முறை மெல்ல அமுக்கி விட்டால்தான் காற்று இரண்டு அறைக்கும் சமப்படும். இதைச் செய்யாமல் பார்க்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

இனி, என் கை ஏன் மரத்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த இளைஞர் காட்டித் தந்தது என்னை வெட்கப்பட வைத்தது. குற்றவாளி காற்றன்று, வலது காலின் அடியில் இருக்கும் ரீபவுண்டு திருகு. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு விரைவில் மீள வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. எண்ணெய் செல்லும் வழியைக் குறுக்கினால் மீட்சி தாமதமாகும். நான் அதை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தேன், நிதானமாக இருக்கட்டுமென்று. முதல் கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுதும் நீள்வதற்குள் இரண்டாவது கல்; அதிலிருந்து மீள்வதற்குள் மூன்றாவது. படிப்படியாகத் தாழ்ந்து, காற்று பிடிவாதம் பிடிக்கும் அந்தக் கடைசிப் பகுதிக்கே வந்து நின்றுவிட்டது. அதைத்தான் 'கடினம்' என்று உணர்ந்தேன். உடனே காற்றைக் குறைத்தேன். அது மேலும் தாழ்ந்தது. நோய் ஒன்று, மருந்து நேர்மாறானது. பின்னர் 76 பிஎஸ்ஐ வைத்து, ரீபவுண்டை நான்கு சொடுக்கு திறந்ததும் அதே கல்பாதையில் கை மரக்கவில்லை. காற்றைக் கூட்டியபின் மென்மை கிடைத்தது.

மறுபுறமும் ஆபத்து உண்டு. மிகையாகத் திறந்தால் ஃபோர்க் துள்ளும். சக்கரம் மண்ணை விட்டு எழும். ஆகவே ஒரே பாதைத்துண்டைத் தேர்ந்து, மிக மெதுவாக ஒரு முறை, மிக விரைவாக ஒரு முறை ஓட்டிப் பார்த்து, இடையில் தன் இடத்தைக் கண்டுகொள்வது நல்லது. எடை மிகுந்தவர் காற்றை மிகுதியாக வைப்பதால் அவருக்கு மீட்சித் தடையும் மிகுதியாகத் தேவைப்படும். நண்பரின் எண்களை அப்படியே வாங்கிக்கொள்வதில் பயனில்லை.

கம்ப்ரெஷன் திருகைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்பன சைக்கிளின் வேகத்தைக் குறிப்பனவல்ல. ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் குறிப்பன. பிரேக் பிடிக்கும்போது தாழ்வது மெதுவான அமுக்கம். வேரில் மோதுவது விரைவான அமுக்கம். தொய்வு சரியாக இருந்தும் ஃபோர்க் அடிக்கடி அடிவரை போய் இடித்தால், காற்றைக் கூட்டாமல் காற்றறைக்குள் ஸ்பேசர் எனப்படும் சிறு பிளாஸ்டிக் துண்டைச் சேர்க்க வேண்டும். காற்றுக்கு இடம் குறையும். தொடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்க, முடிவு மட்டும் இறுகும்.

இவ்வளவும் செய்தபின் எண்களைக் கல்லில் பொறித்துவிடலாமா? முடியாது. மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரி வெயிலில் 78 வைத்து, உதகையின் 12 டிகிரிக் காலையில் பார்த்தால் குளிரால் ஏறத்தாழ ஏழு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி மூன்று கூட்டிக் காட்டும். ஆகச் சுமார் 74. குளிரில் எண்ணெயும் தடித்து மீட்சி தாமதமாகும். சமவெளியில் செய்த அமைப்பு மலையில் வேறொன்றாகிவிடுகிறது.

'இதற்கெல்லாம் இப்போது கருவி வந்துவிட்டதே' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். பாதையை உணர்ந்து அமுக்கத் தடையைத் தானே மாற்றும் மின்னணு ஃபோர்க்குகளை 2021இல் ராக்ஷாக்ஸ் அறிமுகப்படுத்தியது. வால்வில் மாட்டினால் ஆலோசனை சொல்லும் ஷாக்விஸ் போன்ற கருவிகளும் உள்ளன. நான் அவற்றுக்கு எதிரியல்லன். ஆனால் காற்றை அடிப்பவர் இன்றும் நாம்தான். ஆலோசனை சரியா என்று சொல்ல வேண்டியது நம் உள்ளங்கைதான். அட்டவணையும் கருவியும் உரையாசிரியரைப் போன்றவை. உரையில்லாமல் பழம்பாடலுக்குள் நுழைவது கடினம். உரையோடு நின்றுவிட்டவன் பாடலைப் படித்தவனாகான்.

'வாரம் ஒருமுறை ஓட்டுபவனுக்கு இவ்வளவு எதற்கு?' என்பது அதைவிட நியாயமான கேள்வி. தேவைப்படுவது ஒரு மாலைப்பொழுது, ஒரு பம்ப், ஒரு சிறு நோட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், ஓட்டியபின் தோன்றியதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் நன்மையோ தீமையோ எதனால் வந்ததென்று தெரியாது. நான் அன்று பாதையோரத்தில் செய்தது இந்த விதிக்கு முந்தைய பிழை: உணர்ந்ததை அளக்காமல், அளக்காததைத் திருத்தினேன்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் நாளும், 76 என்ற எண்ணும், நான்கு சொடுக்கு என்ற குறிப்பும் இருக்கின்றன. இடது மணிக்கட்டு குளிர்நாள்களில் இன்னும் இலேசாக வலிக்கிறது. உதகைக்குப் போகும் காலைகளில் அது வலிக்கத் தொடங்கினால், இறங்கி ஃபோர்க்கின் காற்றை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.