எல்லோருக்கும் ஒரு கட்டம் வேணும்

இந்த மாத சுவர் பத்திரிகைக்கு குறிஞ்சிப் பூவைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். 2018-இல் பூத்தது, இனி 2030-இல் தான் பூக்கும், அதற்குள் எப்படியும் எழுதிவிடலாம். இப்போது எழுத வேண்டியது கம்ப்யூட்டர் அறையில் நடந்த விஷயம்.

போன வாரம் அறிவியல் டீச்சர் எங்களை அங்கே கூட்டிப்போய், இணையத்தில் ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்து காட்டினார்கள். ஒரு கம்ப்யூட்டரில் கோடு போட்டால் மற்ற ஒன்பதிலும் அதே கோடு வருது. "நீர்ச் சுழற்சியை எல்லாரும் சேர்ந்து வரைங்க" என்றார்கள்.

எல்லோரும் கடல், சூரியன், மேகம், மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி என்று போட்டார்கள். அது புத்தகத்தில் இருக்கிற படம். நம்மில் எத்தனை பேர் கடலைப் பார்த்திருக்கோம்? ஆனால் பலகையின் ஒரு மூலையில் மட்டும் வேற படம் வந்துகொண்டிருந்தது. ஒரு சோலைக்காடு, மரத்தில் முட்டி நிற்கும் மூடுபனி, இலை நுனியில் சொட்டு, கீழே புல்வெளி, அதிலிருந்து கசிந்து வரும் ஓடை, ஓடைக்குக் கீழே படிப்படியாய் பூண்டு வயல். அந்தப் படத்தில் மழையே இல்லை! பனியே தண்ணியாகி இறங்குது. பழனி பக்கம் வரதமாநதி அணைக்கு நம்ம மலைத் தண்ணிதான் போகுது என்று நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"யார் வரைஞ்சது இது?" என்று டீச்சர் கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. வரைந்தது என் பக்கத்தில் இருந்தவள். இந்த வருஷம் அவள் வகுப்பில் வாய் திறந்து ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. (பேர் போடாமல் எழுதிக்கோ என்று சொன்னாள், அதனால் போடவில்லை.)

அதற்குள் வேற கம்ப்யூட்டரில் யாரோ ரப்பரை எடுத்து அந்த மூலையை மொத்தமாக அழித்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு. சூரியனுக்கு மீசை வேற. நாங்கள் பின்னால் போகும் அம்புக்குறியை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். நாங்க போட்ட கோடுதான் போகுது, வருது. அவங்க அழிச்சதை எங்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அப்புறம் கரண்டும் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "கம்ப்யூட்டரில் படம் வரைவது வீண் வேலை, சாக்பீஸ் போதும்" என்று சிலர் பேசுகிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். கரும்பலகையில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் வரைய முடியும். யாரைக் கூப்பிடுவார்கள்? முதல் பெஞ்சைத்தான். கோணலாகப் போட்டால் வகுப்பே சிரிக்கும். என் தோழியை கரும்பலகைக்கு கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பாள். இந்தப் பலகையில் யார் கை என்று தெரியாததால்தான் அந்தச் சோலை வெளியே வந்தது.

ஆனால் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்பதும் பொய். பத்து மௌஸ், முப்பத்துநாலு பேர். அன்றைக்கு எட்டு மௌஸ் பையன்கள் கையில். தம்பிகளா, அண்ணன்களா, கோபப்படாதீங்க, எண்ணினது எண்ணினதுதான்.

எங்க சித்தி படித்தபோது செயல்வழிக் கற்றல் என்று ஒன்று இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து அப்புறம் தமிழ்நாடு முழுக்க வந்ததாம். வகுப்புச் சுவரின் அடியில், தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசியிருப்பார்களாம். அதில் ஆளுக்கொரு கட்டம். "என் கட்டத்துல வேற யாரும் எழுத மாட்டாங்க" என்று சித்தி இன்னும் பெருமையாகச் சொல்வாள். அந்தக் கட்டம்தான் இணையப் பலகையில் இல்லை.

நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பாருங்கள். 1899-இல் தொடங்கியது. அங்கே 1904 முதல் சூரியனை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு போட்ட தாளில் கையால் வரைந்து வைத்தார்கள். சூரியப் புள்ளிக்கு ஒரு நிறம், விளிம்பில் எழும் தீப்பிழம்புக்கு வேறு நிறம். நூறு வருஷத்துக்கு மேலான அந்தப் படங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, விஞ்ஞானிகள் அதிலிருந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். அதே சமயம் கூகுள் கம்பெனி நடத்திய ஜாம்போர்டு என்ற இணையப் பலகையை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். எடுத்து வைக்காதவர்களின் படம் போனது போனதுதான். ஆகவே வரைந்ததை அன்றைக்கே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

டீச்சரிடம் நான் கேட்பது இதுதான். பலகையைத் திறந்ததும் முதலில் முப்பத்துநாலு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு எண் போதும், பேர் வேண்டாம், அந்த எண் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அடுத்தவர் கட்டத்தில் ரப்பர் வைத்தால் மௌஸ் கைமாறும். மௌஸ் முறை கடைசி வரிசையிலிருந்து வரட்டும். மழைக்காலத்தில் நம்ம ஊரில் நெட் கிடைக்காது. அப்போது நெட் இல்லாமலே ஓடும் டக்ஸ் பெயின்ட், ஜியோஜீப்ரா இரண்டையும் ஏற்றி வைக்கலாம், இரண்டுக்கும் காசு இல்லை. ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் கூட்டினால் 180 தான் வரும். கணக்கு சாருக்கும் உதவும்.

கட்டம் கிடைத்தால் அந்தச் சோலையை மறுபடி வரைவாயா என்று அவளிடம் கேட்டேன். "ஓடை எந்த இடத்துல திரும்புதுன்னு இன்னொரு வாட்டி போய் பாத்துட்டு வரையிறேன்" என்றாள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி