பென்ஷன் அதிகமாகப் போய்விட்டதா? கையெழுத்துப் போடும் முன் கணக்கைக் கேளுங்கள்!

ரயில்வே மார்ஷலிங் யார்டு இருக்கும் தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் 60 வயதில் ஓய்வு பெற்று, 62-ல் இறந்துவிட்டார். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. பதினோரு வருடம் கழித்து, ஒரு மாதம் பென்ஷன் பாதிகூட ஏறவில்லை. பதறிப்போய் வங்கியில் கேட்டால், "ஆறு வருஷமா உங்களுக்கு அதிகமாப் போயிருக்கும்மா. திருப்பிக் கட்டணும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள்.

அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

தவறு எங்கே நடக்கிறது?

மத்திய அரசு, ரயில்வே ஊழியர் ஓய்வுக்குப் பிறகு இறந்தால், குடும்ப ஓய்வூதியம் முதலில் கூடுதல் விகிதத்தில் வரும். இது ஏழு ஆண்டுகள் அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான். அதன்பின் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதமாகக் குறையும்.

கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், கூடுதல் விகிதம் அதில் பாதி என்றால், முதலில் 20,000 ரூபாய். பிறகு 12,000 ரூபாய். மேலே சொன்ன குடும்பத்தில் ஐந்து ஆண்டுகளிலேயே தொகை குறைந்திருக்க வேண்டும். வங்கி அதைக் கவனிக்காமல் ஆறு வருடம் பழைய தொகையையே போட்டிருந்தால், மாதம் 8,000 வீதம் 72 மாதங்களுக்கு 5,76,000 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னும் கூடும். மளிகை, வாடகை, மருந்து என்று அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

இனிமேல் வரும் பென்ஷனைச் சரியான தொகைக்குக் குறைப்பது வேறு. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பது வேறு. முதலாவதைச் செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. இரண்டாவதற்குத்தான் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டிருக்கிறது.

'பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீ' வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு அது. ஊழியர் ஏமாற்றாமல், நிர்வாகத்தின் தவறால் அதிகம் கொடுக்கப்பட்டிருந்தால், ஐந்து சூழல்களில் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது.

1. குரூப் சி, குரூப் டி ஊழியர்கள்.
2. ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள்.
3. பிடித்தம் உத்தரவுக்கு முன் ஐந்தாண்டுக்கும் மேலாக அதிகத் தொகை போயிருந்தால்.
4. மேல்பதவி வேலையைத் தவறுதலாகக் கொடுத்து, அதற்கான சம்பளமும் கொடுத்திருந்தால்.
5. பிடிப்பது கொடுமையாகவோ அநியாயமாகவோ இருக்கும் என்று நீதிமன்றம் கருதும் மற்ற வழக்குகள்.

மத்திய பணியாளர் துறையும் 2016 மார்ச் 2-ல் இந்த ஐந்தையும் குறிப்பிட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கில், ஓய்வு பெற்றுப் பத்தாண்டுக்குப் பிறகு பிடிப்பது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

வங்கியின் தவறு என்றால் இன்னொரு பிடியும் உண்டு. வங்கி செய்த பிழையால் போன தொகையை, பென்ஷன்தாரரிடம் வசூலாகும்வரை காத்திருக்காமல் வங்கியே அரசுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021 ஜனவரி 21 சுற்றறிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு, 85 வயதுப் பென்ஷன்தாரரிடம் மூன்று லட்சத்துக்கும் மேல் பிடிக்கப் பார்த்த வங்கியை, பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதோடு 50,000 ரூபாய் கூடுதலாகவும் கட்டச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை.

ஒரு முட்டுக்கட்டை

பென்ஷன் தொடங்கும்போது, 'அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று வங்கி ஓர் உறுதிமொழி வாங்கியிருக்கும். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், அப்படி எழுதிக் கொடுத்த ஒரு நீதித்துறை அதிகாரியிடம் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தவணைக்குச் சம்மதம் என்று இப்போது புதிதாக எழுதிக் கொடுத்தால், அதுவும் உங்களுக்கு எதிராகவே காட்டப்படும். எதில் கையெழுத்துக் கேட்டாலும், "பிள்ளையிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வந்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் எழுத்தில் கேளுங்கள்: பிடித்தம் உத்தரவின் நகல், மாதவாரியான கணக்கு, பழைய உறுதிமொழியின் நகல். கேட்கும் தொகையே தப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தை இரு வாரங்களுக்குச் சராசரியாக வகுத்து, வாங்காத உதவித்தொகைக்கெல்லாம் கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். 'ரோபோடெட்' எனப்பட்ட அந்தத் திட்டம் சட்டவிரோதம் என்று பிறகு தெரியவந்து, பணம் திரும்பக் கிடைத்தது.

அடுத்து, ஆட்சேபக் கடிதம். ஓய்வு பெற்ற பதவி, குரூப், எத்தனை ஆண்டுத் தொகை, தவறு யாருடையது, ரஃபீக் மசீ தீர்ப்பின் எந்தச் சூழல் பொருந்துகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதலாம். வங்கியின் பென்ஷன் பிரிவுக்கும், பென்ஷன் அனுமதித்த துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அம்மாவால் அலைய முடியாதென்றால், அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு மகனோ மகளோ பென்ஷனர் சங்கத்துக்காரரோ அவருக்காகப் புகார் செய்யலாம்.

அதிலும் தீராவிட்டால், ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுப் பென்ஷன்தாரருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மாநில அரசுப் பென்ஷன்தாரருக்கு உயர் நீதிமன்றம். இரண்டும் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கின்றன. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இதுவரை இந்தப் பிரச்னை வராதவர்களும் இன்றே பென்ஷன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். கூடுதல் விகிதம் எந்தத் தேதிவரை என்று அதிலேயே போட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டியும் பழைய தொகையே வந்தால், வங்கிக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் பாக்கி சேராது. தெரிந்தே வாங்கினீர்கள் என்று யாரும் சொல்லவும் முடியாது.