களிம்பு தந்த தழும்பு

முகத்தில் மங்கு. ஒரு பெண் டாக்டரிடம் போகிறாள். அவர் பார்க்கிறார், சீட்டு எழுதித் தருகிறார். "இரவில் மட்டும் தடவுங்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்.

சில நாளில் மங்கு மறைகிறது. முகம் பளபளக்கிறது. "என்ன அக்கா போடுகிறீர்கள்?" என்று அடுத்த வீட்டுப் பெண்ணே கேட்கிறாள்!

மறுபடி டாக்டரிடம் போவானேன்? பழைய சீட்டு இருக்கிறது. தெருமுனையில் மருந்துக் கடை இருக்கிறது. சீட்டுக்கூட வேண்டாம், காலி டியூபைக் காட்டினால் போதும். இரண்டு வாரம் இரண்டு ஆண்டு ஆகிவிடுகிறது.

பிறகுதான் வினை. கன்னம் சிவக்கிறது. வெயில் பட்டால் எரிகிறது. மூக்கின் ஓரத்தில் நூல் போல ரத்த நாளங்கள் தெரிகின்றன. பரு கிளம்புகிறது. பூனை முடி வளர்கிறது. பயந்துபோய்க் களிம்பை நிறுத்தினால், முகம் நெருப்பாய்க் காந்துகிறது! மறுபடி தடவினால் எரிச்சல் அடங்குகிறது. விட முடியவில்லை, தடவவும் முடியவில்லை.

இது ஸ்டீராய்டு கலந்த களிம்பின் வேலை. 1952-ம் ஆண்டில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள், இந்த வகை மருந்தைத் தோலில் தடவிப் பலன் கண்டதாக அறிவித்தார்கள். கரப்பானால் தூக்கம் இழந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். இன்றும் அப்படித்தான். மருந்தைப் பழிப்பது தவறு. அளவும் நாளும் தப்பினால்தான் ஆபத்து.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற நார். ஸ்டீராய்டு அந்த நார் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் தோல் வெங்காயச் சருகு போல் மெலிகிறது. முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்கள் மருந்தை அதிகமாக உறிஞ்சும். அங்கே சேதமும் சீக்கிரம் வரும். படர்தாமரைக்குத் தடவினால் இன்னும் மோசம். அரிப்பு நிற்கும், பூஞ்சை பரவும். தொடையில் வரித் தழும்பு விழும். அது நாளடைவில் வெளுக்குமே தவிர, அழியாது.

இந்தியாவில் பல ஊர்களின் தோல் நோய்ப் பிரிவுகளில் எடுத்த கணக்கு ஒன்று 2011-ம் ஆண்டில் வெளியாயிற்று. முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரில் 433 பேர் இந்தக் களிம்பைத் தடவிக் கொண்டிருந்தார்கள்! 2018-ம் ஆண்டில் மத்திய அரசு, இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. ஆனாலும், காலி டியூபைக் காட்டி வாங்குவது நின்றபாடில்லை.

முகம் கெட்டவர்கள் என்ன செய்வது? களிம்பை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றுவதா, நாள் விட்டு நாள் தடவி நிறுத்துவதா என்பதைத் தோல் டாக்டர் சொல்வார். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பசைக் களிம்பு போதும். வெயிலுக்குக் குடை வேண்டும். மஞ்சள், எலுமிச்சம்பழம் என்று புண்பட்ட முகத்தில் சோதனை வேண்டாம். சிவப்பும் எரிச்சலும் தணிய மாதக்கணக்கில் ஆகலாம். தெரியும் ரத்த நாளங்களில் சில தங்கிவிடும். அவற்றை லேசர் கதிரால் மங்கச் செய்யலாம், செலவு ஆகும்.

எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊர் வாயைப் பொறுப்பதுதான் கஷ்டம். கல்யாண வீட்டில் நுழைந்தால், "முகத்துக்கு என்ன ஆச்சு?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதற்கு அஞ்சியே வாசல் தாண்டாமல் இருக்கிற பெண்கள் உண்டு. வீட்டிலாவது நிம்மதி கிடைக்கிறதா? "நல்ல முகத்தை நீயே கெடுத்துக்கொண்டாய்" என்கிறார் கணவர். இது என்ன நியாயம்? எழுதிக் கொடுத்ததைத்தான் அவள் தடவினாள். நாள் கணக்கைச் சீட்டில் எழுதாத டாக்டருக்கும், கேட்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் இதில் பங்கு இல்லையா?

"14 நாள் மட்டும்" என்று சீட்டிலேயே தமிழில் எழுதலாம். அளவையும் சொல்லலாம். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். இதை விரலைக் காட்டிச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.