உரிமம் ஒரு சன்மானமா?

அமெரிக்காவில் வாகன ஓட்டுநர் உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. உரிய ஆவணமின்றிக் குடியிருப்போரும் தேர்வெழுதி அதனைப் பெறலாம் என ஏற்ற மாநிலங்கள், 2023இல் மினசோட்டா சட்டம் இயற்றியதோடு 19 ஆயின. ஏனையவை மறுக்கின்றன.

“சட்டத்தை மீறியவனுக்குச் சன்மானமா?” என்பது மறுப்போரின் கேள்வி. உரிமம் எப்போது சன்மானமாயிற்று? கண்பார்வையையும் விதியறிவையும் ஓட்டும் திறனையும் சோதித்துத் தரும் சீட்டு அது. அதனால் வாக்குரிமை வராது, குடியுரிமை வராது, நாடு கடத்தப்படுவதும் நிற்காது. மறுத்தால் மட்டும் அவன் வீட்டில் முடங்கிவிடுவானா? பேருந்து எட்டிப்பாராத தோட்டத்தில் விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டியவன், வண்டியை எடுக்கத்தான் செய்வான். தேர்வுமில்லை, காப்பீடுமில்லை. மோதிவிட்டால் நிற்க அஞ்சி ஓடுவான். சாலையில் குருதி சிந்திக் கிடப்பவர் அந்நாட்டுக் குடிமகனாகவே இருக்கலாம்!

இது ஊகமன்று. கலிபோர்னியாவில் ஆளுநர் கிரே டேவிஸ் 2003இல் இத்தகைய சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டே வாக்காளர்கள் அவரைப் பதவியிறக்க, சட்டமும் நடைமுறைக்கு வருமுன்பே நீக்கப்பட்டது. மீண்டும் 2013இல் இயற்றப்பட்டு, 2015 ஜனவரியில் செயற்பட்டது. முதலாண்டிலேயே ஆறு இலட்சம் பேர் உரிமம் பெற்றனர். விளைவை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட முடிவு யாது? விபத்துகள் பெருகவில்லை, மோதிவிட்டு ஓடுவது குறைந்தது. கூச்சலிட்டோர் இதற்கு விடை பகரட்டும்.

2001 செப்டம்பர் 11ஐக் காட்டி அச்சுறுத்துவோரும் உளர். அக்கொடியோர் விசாவுடன் வந்திறங்கியவர்கள் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அதன்பின் அடையாளச் சீட்டுகளை இறுக்கிய 2005ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டமே, தனிக்குறி பொறித்த உரிமங்களை மாநிலங்கள் வழங்கத் தடை விதிக்கவில்லை.

அந்தக் குறிதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. உரிமத்தை நீட்டியவுடன் இவன் யாரென்று அது காட்டிக்கொடுக்கலாம். பிற மாநிலங்கள் இவர்களுக்கெனவே வழங்கிய உரிமங்கள் தன் சாலைகளில் செல்லா என்று புளோரிடா 2023இல் சட்டம் செய்தது. நியூயார்க்கின் 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, நீதிமன்ற ஆணையின்றி இப்பதிவேடுகளைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டலாகாது என்கிறது. அச்சட்டத்தின் மீதே 2025இல் ஒன்றிய அரசு வழக்குத் தொடுத்தது. தேர்வுக்கு வாருங்கள் என்றழைத்துப் பெயரையும் முகவரியையும் அமானிதமாய் வாங்கி, அதே ஏட்டைக் கைது செய்ய வருவோரிடம் நீட்டினால், நாளை எவன் துணிந்து தேர்வுக்கு வருவான்?