அறுபத்தைந்து வயசில் ஆகாயத்தில்

கோயமுத்தூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனேன். இறங்கும்போது காப்டன் வாசலில் நின்று வணக்கம் சொன்னார். தலை முழுக்க நரை! என் வீட்டுக்காரர் ரிடையராகி ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறார். கிட்டத்தட்ட அவர் வயசு மனுஷர் இத்தனை பேரைச் சுமந்துகொண்டு கடல் தாண்டுகிறாரே, இது சரிதானா?"

நியாயமான கேள்விதான். குழந்தை குட்டிகளோடு ப்ளேன் ஏறுகிற யாருக்கும் வரக்கூடிய பயம். இதைப் பற்றிப் பெரிய பெரிய நாடுகளில் எல்லாம் வருஷக் கணக்கில் வாதம் நடக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடு விட்டு நாடு போகும் பயணி விமானங்களில் பைலட் 65 வயது வரை பறக்கலாம். நம் இந்தியாவிலும் 65 தான். ஜப்பானில் 67 வரை அனுமதி உண்டு. 60 தாண்டியவர் தனியாக ஓட்ட முடியாது. கூட இன்னொரு பைலட் இருந்தே ஆகவேண்டும்.

இந்த வயசுக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? அது ஒரு கதை. 1959-ல் அமெரிக்காவில் ஜெட் விமானங்கள் வந்த புதிது. பழைய விமானங்களில் கை தேர்ந்த மூத்த காப்டன்கள் சிலருக்கு ஜெட் பழகச் சிரமமாக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ஸி.ஆர். ஸ்மித், அரசாங்க விமானத் துறைத் தலைவர் க்வெஸாடாவுக்குக் கடிதம் போட்டார், 60 வயதோடு நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று. அதே வருஷம் சட்டம் தயாராகி, 1960 மார்ச் 15-ல் அமலுக்கு வந்தது. பின்னால் பதவியை விட்ட க்வெஸாடா, அதே கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரானார்! பைலட்டுகளுக்கு எப்படி இருந்திருக்கும்? "எங்கள் உடம்பைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை இது, கம்பெனி சௌகரியத்துக்குப் போட்ட கோடு" என்று பல வருஷம் போராடினார்கள்.

அரசாங்கம் சொன்ன காரணத்தையும் தள்ளிவிட முடியாது. வயது ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் திடீரென்று வரலாம். யாருக்கு, எப்போது வரும் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது அல்லவா?

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். இரண்டும் 2009-ல் நடந்தவை. ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் கிளம்பிய ஒரு விமானத்தில் பறவைக் கூட்டம் மோதி, இரண்டு எஞ்சினும் போய்விட்டன. காப்டன் ஸல்லன்பர்கர் பதறாமல் ஹட்ஸன் நதியில் விமானத்தை இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அப்போது அவருக்கு வயசு 57. அந்த நிதானம் நேற்றுப் படித்து வந்த பிள்ளைக்கு அவ்வளவு லேசில் வருமா?

அதே வருஷம் ஜூன் மாதம். பிரஸ்ஸல்ஸிலிருந்து அமெரிக்காவின் நூவர்க்குக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில், நடுக்கடலுக்கு மேலே, 60 வயதுக் காப்டன் இறந்துபோனார். பாவம். உடன் இருந்த இரண்டு கோ-பைலட்டுகள் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். பயணிகளில் பலருக்கு இறங்கிய பிறகுதான் விஷயமே தெரியும். வயதானவருக்கு ஆபத்து வரலாம் என்பதும் நிஜம். வந்தாலும் சமாளிக்க வழி இருக்கிறது என்பதும் நிஜம். காக்பிட்டில் இரண்டு பேர் உட்காருவதே இதற்காகவும்தான். பல கம்பெனிகளில் அந்த இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுகூடக் கொடுப்பதில்லை. ஒருவருக்கு வயிற்றைக் கெடுத்தாலும் மற்றவர் தெம்பாக இருக்க வேண்டுமே!

2006-ல் சர்வதேச விதி 65 ஆயிற்று. அமெரிக்கா 2007 டிசம்பர் 13-ல் அதைப் பின்பற்றியது. அதற்கு ஒரு வாரம் முன்னால் 60 முடிந்து வீட்டுக்குப் போனவர் கதி? திரும்பி வரலாம், ஆனால் புதிதாகச் சேருகிறவரைப் போல, சீனியாரிட்டி எதுவும் இல்லாமல்! ஒரு பிறந்தநாள் ஒருத்தரின் ஐந்து வருஷச் சம்பளத்தையும் மரியாதையையும் சாப்பிட்டுவிட்டது.

இப்போது 67 ஆக்க வேண்டும் என்கிறார்கள். 2023-ல் அமெரிக்கக் கீழ்ச்சபை சரி என்றது. 2024-ல் வந்த சட்டத்தில் 65 தான் நின்றது. பெரியவர்கள் நகர்ந்தால்தானே இளையவர்கள் காப்டன் ஆக முடியும் என்பது ஒரு கட்சி. பைலட்டுகளுக்குப் பஞ்சம், தெம்பாக இருப்பவரை ஏன் அனுப்ப வேண்டும் என்பது மறு கட்சி. மாமியார் சாவிக்கொத்தை எப்போது தருவார் என்கிற சமாசாரம் மாதிரிதான்!

நமக்கென்ன வந்தது என்கிறீர்களா? வயசுக் கோடு நம் பெண்களை எப்படி அறுத்தது பாருங்கள். ஏர் இந்தியாவில் ஏர்ஹோஸ்டஸ் பெண்கள் 35 வயதில் வேலையை விட வேண்டும். முதல் கர்ப்பம் என்றால் அதற்கு முன்பே. அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் பர்ஸருக்கோ 58! 1981-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கர்ப்ப விதியைச் செல்லாது என்று தள்ளியது. ஆனால் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை அப்படியே விட்டுவிட்டது. 35 வயதில் ஒரு பெண்ணுக்குக் கை நடுங்குமா, கண் மங்குமா? அழகு குறையுமாம், அவ்வளவுதான்.

ஆகவே, வயசுக் கோடு என்று யார் சொன்னாலும், எதைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்க வேண்டும். உயிர் காக்கப் போட்டது என்றால் கட்டுப்படலாம். பைலட் விஷயத்தில் என் அபிப்பிராயம், ஏதோ ஒரு கோடு வேண்டும்தான்; முன்னூறு உயிர் விளையாட்டில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காவல், இடைவிடாத பரிசோதனை. 60 தாண்டிய பைலட் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போய் உடம்பைக் காட்டியாக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஓட்டும் திறமைக்கும் பரீட்சை உண்டு. தேறவில்லையா, 45 வயசு என்றாலும் தரையில்தான். ஆகவே நரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த நரைக்குப் பின்னால் எத்தனையோ பரீட்சை இருக்கிறது.

இதில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. நம் வீட்டில் அறுபது தாண்டியவர்களுக்கு இப்படி யார் பரிசோதனை செய்கிறார்கள்? தலைசுற்றல் வந்தால் பித்தம், நெஞ்சு கரித்தால் வாயு என்று நாமே தீர்ப்புச் சொல்லிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். மாமனார், மாமியார், அப்பா, அம்மா எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். கண்ணையும் காதையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது காட்டுங்கள். மளிகைச் சீட்டு எழுதுகிற நோட்டிலேயே தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

அந்த நோட்டில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அடுப்படிக்கு ரிடையர்மெண்ட் வயசு என்று எவரும் சட்டம் போடவில்லை, போடப் போவதுமில்லை. அதனாலேயே உங்கள் உடம்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.